மழைச் செய்தியும் மேலுரமும்

தாமிரபரணிப் பாசனத்தில் பிசான நெல்லுக்கு மேலுரம் இடும் நாளும் வடகிழக்குப் பருவமழையும் ஒன்றாகவே வருகின்றன. யூரியா தூவிய அன்றிரவே கனமழை பெய்து வயல் வழிந்தால் தழைச்சத்து வடிகாலோடு போய்விடும். இந்த நட்டத்தைக் குறைக்கக் கைபேசி உதவும்.

இந்திய வானிலைத் துறை, செவ்வாய், வெள்ளிக் கிழமைகளில் அடுத்த ஐந்து நாள் வானிலையையும் அதற்கேற்ற பயிர் யோசனைகளையும் மாவட்டவாரியாக வெளியிடுகிறது. 2019-இல் வந்த ‘மேகதூத்’ செயலியில் இவற்றைத் தமிழிலேயே படிக்கலாம். கனமழை என்று கண்டால் மேலுரத்தையும் மருந்து தெளிப்பையும் தள்ளிப்போட்டு, வடிகாலைச் செதுக்கிவிட வேண்டும். மாவட்டத்துக்குச் சொல்லும் கணிப்பு எல்லா ஊருக்கும் ஒன்றுபோல் பலிக்காது. பாபநாசம் மலையடிவாரத்தில் கொட்டுகிற மழை மானூர்ப் பக்கம் தூறலோடு நின்றுவிடலாம்.

செயலி சொல்லும், கேட்டால் பதில் சொல்லாது. சந்தேகம் கேட்க, 2004 முதல் இயங்கும் உழவர் அழைப்பு மையத்தை 1800-180-1551 என்ற எண்ணில் காலை 6 மணி முதல் இரவு 10 மணி வரை கட்டணமின்றி அழைக்கலாம். ‘பயிர் மஞ்சளடிக்கிறது’ என்று மட்டும் சொன்னால் போதாது. இரகம், பயிரின் வயது, கடைசியாக இட்ட உரம், வயலில் நீர் நிற்கிறதா என்பவற்றையும் சொல்ல வேண்டும்.

2023 டிசம்பரில் காயல்பட்டினத்தில் ஒரே நாளில் சுமார் 95 செ.மீ. மழை பெய்தது. அந்த வெள்ளத்தில் பல ஊர்களில் மின்சாரமும் கைபேசித் தொடர்பும் அற்றுப்போயின. எனவே எச்சரிக்கை வந்த அன்றே ஆற்றங்கரை மோட்டாரைக் கழற்றி, கால்நடைகளை மேட்டுக்கு ஓட்டிவிட வேண்டும். பாட்டரியில் பாடும் வானொலிப் பெட்டி ஒன்று வீட்டில் இருப்பது இன்றும் வீண்செலவல்ல.