போடி மலையின் ஒற்றைத் தண்டவாளம்

ஜூல் வெர்ன் 1880-இல் வெளியிட்ட நாவல் ஒன்றில், எஃகு யானை ஒன்று இரண்டு வீடுகளை இழுத்துக்கொண்டு கல்கத்தாவிலிருந்து இமயமலை நோக்கிப் புறப்படும். அதன் வயிற்றில் கொதிகலன், தும்பிக்கையில் புகை. இவ்வகைக் கதைகளுக்கு ‘ஸ்டீம்பங்க்’ என்று எழுத்தாளர் கே. டபிள்யூ. ஜீட்டர் பெயர் வைத்தது 1987-இல்தான்.

போடிநாயக்கனூர்க்காரர்களுக்கு இப்படிப்பட்ட உலகம் கதையில் மட்டும் இருந்ததில்லை. மேகம் பார்க்க இன்று சுற்றுலாப் பயணிகள் குவியும் டாப் ஸ்டேஷன், ஒரு காலத்தில் நிஜமாகவே ரயில் நிலையம்.

மூணாறு தேயிலையை அங்கே கொண்டுசேர்க்க 1902-இல் ஒற்றைத் தண்டவாளம் போட்டார்கள். ஈவிங் முறை என்று அதற்குப் பெயர். வண்டியின் பாரத்தில் பெரும்பங்கைத் தண்டவாளத்தில் ஓடும் சக்கரங்கள் தாங்கும். ஒரே வரிசைச் சக்கரம் என்றால் வண்டி சாய்ந்துவிடுமே? சாயாமலிருக்கப் பக்கவாட்டில் ஒரு பெரிய சக்கரம், சாலைமீதே உருண்டு வரும். பாரம் அதன்மேல் கொஞ்சமாகத்தான் விழும் என்பதால் சாதாரணச் சாலையே போதும். வண்டியை இழுத்தவை மாடுகள்!

1908-இல் இதை எடுத்துவிட்டு இரண்டடி அகல இருப்புப்பாதை அமைத்தார்கள்; நீராவி எஞ்சின் வந்தது. டாப் ஸ்டேஷனில் இறங்கிய தேயிலைப் பெட்டிகள் ரோப்வேயில் தொங்கியபடி கொட்டகுடிக்கு வந்து, மாட்டுவண்டியில் போடிக்குப் போயின. கடைசியில் கப்பலேறி இங்கிலாந்து. 1924 ஜூலை வெள்ளம் ரயில்பாதையை அடித்துப் போனது. அதன்பிறகு அந்தப் பாதையைப் போடவே இல்லை.

இத்தகைய எந்திரங்கள் இன்றும் ஏன் ஈர்க்கின்றன? விசை எங்கே புறப்பட்டு எங்கே போய்ச் சேருகிறது என்பதைக் கண்ணாலேயே பின்தொடரலாம் என்பதுதான் முக்கியக் காரணம். போடி வட்டத்துக் கொழுக்குமலைத் தேயிலைத் தொழிற்சாலையில் பழைய உருட்டு எந்திரத்தருகே நின்றாலே இது புரியும். வாடிய இலை நிறைந்த உருளைத்தொட்டி, வரிப்பள்ளங்கள் கொண்ட மேசைமீது வட்டமிட்டுச் சுழல்கிறது. இலை முறுக்கிக்கொண்டு சாறு கசிகிறது. மூடி மறைத்த பாகம் என்று பெரிதாக எதுவும் இல்லை. செல்போனைப் பிரித்துப் பார்த்தாலும் இந்தத் தெளிவு கிடைக்காது.

ஆனால் பித்தளையையும் புகையையும் கொண்டாடும் கதைகள், கொதிகலனுக்கு விறகு போட்டவரைப் பெரும்பாலும் மறந்துவிடுகின்றன. மூணாறு தேயிலையின் கதையை, சமவெளியிலிருந்து மலையேறிய தமிழ்த் தொழிலாளர்களை விட்டுவிட்டுச் சொல்லவே முடியாது. அவர்களையும் மாடுகளையும் சேர்த்து எழுதும் ஸ்டீம்பங்க் நாவல் தமிழில் வர வேண்டும்.

எழுத முனைபவர்களுக்குத் தடயங்கள் உண்டு. மூணாறு தேயிலை அருங்காட்சியகத்தில் அந்த ரயில் எஞ்சினின் சக்கரம் இருக்கிறது. ஈவிங் வண்டியைப் பார்க்க டெல்லி ரயில் அருங்காட்சியகத்துக்குப் போகலாம்: பாட்டியாலா சமஸ்தானம் 1907-இல் தொடங்கிய ஒற்றைத் தண்டவாள ரயிலின் நீராவி எஞ்சின், பக்கச் சக்கரத்தோடு அங்கே நிற்கிறது.