மலைநாட்டில் குருதியின் இயல்பளவு

மனித உடலின் நலத்தை அளந்தறியும் முறைகளுள் குருதிப் பரிசோதனை தலையாயது. நோயாளியின் கையிலிருந்து எடுக்கப்படும் சிறிதளவு குருதி ஆய்வுகூடத்திற்குச் சென்று, எண்கள் நிறைந்த ஒரு படிவமாகத் திரும்பி வருகின்றது. அப்படிவத்தில் ஒருபுறம் பெறுபேறும் மறுபுறம் இயல்பெல்லையும் பொறிக்கப்பட்டிருக்கும். பெறுபேறு அவ்வெல்லையினுள் அடங்கின் நலம் என்றும், அதனைக் கடப்பின் நோய் என்றும் பலர் துணிகின்றனர். இத்துணிபு எவ்வளவு தூரம் பொருந்தும் என்பதை ஆராய்வதற்கு ஈழத்தின் மத்திய மலைநாட்டுத் தேயிலைத் தோட்டங்கள் தக்க களமாக அமைகின்றன. ஆங்கு வாழ்வோர்க்குப் படிவத்திற் கண்ட எல்லை சிற்சில வேளைகளில் உண்மையை மறைத்துவிடுதலே அதற்குக் காரணமாகும்.

முதற்கண், இயல்பெல்லை எவ்வாறு வகுக்கப்படுகின்றது என்பதை அறிதல் வேண்டும். நோயற்றவர் எனக் கருதப்படும் ஒரு தொகுதியினரைத் தெரிந்து, அவர்தம் குருதியைச் சோதித்து, பெறுபேறுகளை ஏறுவரிசையில் நிறுத்துவர். தொகுதி குறைந்தது 120 பேரைக் கொண்டிருத்தல் விரும்பத்தக்கது. வரிசையின் இரு கோடியிலும் நூற்றுக்கு இரண்டரை வீதம் நீக்கி, எஞ்சிய 95 வீதத்தினரை உள்ளடக்கும் அளவையே எல்லையெனக் கொள்வர். ஆகவே, நலமுடையார் இருபதின்மருள் ஒருவர் யாதொரு நோயுமின்றியே எல்லைக்குப் புறத்தே நிற்பர். ஒன்றையொன்று சாராத பன்னிரு சோதனைகளை ஒருங்கே செய்யின், நலமுடையோருள்ளும் ஏறத்தாழப் பாதிப்பேர்க்கு ஓர் எண்ணேனும் எல்லை கடந்து நிற்கும் என்பது கணிதம். 'இயல்பு' என்னும் சொல் தரும் மயக்கத்தை நீக்கக் கருதிய பின்லாந்து அறிஞர் கிறாஸ்பெக், சாரிஸ் என்போர் 1969இல் 'ஒப்பீட்டு அளவு' என்னும் பெயரை முன்மொழிந்தனர். யாரோடு ஒப்பிடப்படுகின்றது என்னும் வினாவை அப்பெயர் உடனே எழுப்புகின்றது.

பெரிதும் வழக்கிலுள்ள சோதனைகள் சிலவற்றின் அளவுகளை ஈண்டுக் குறித்தல் தகும். வெண்குழியங்கள் ஒரு கன மில்லிமீற்றருக்கு 4,000 முதல் 11,000 வரையும், குருதிச் சிறுதட்டுக்கள் 150,000 முதல் 450,000 வரையும் இருத்தல் வளர்ந்தோர்க்குப் பொதுவாக இயல்பெனப்படும். செங்குழியமொன்றின் சராசரிக் கனவளவு 80 முதல் 100 பெம்ரோலீற்றர் ஆகும். வெறுவயிற்றிற் சோதிக்கும் குளுக்கோசு ஒரு டெசிலீற்றருக்கு 100 மில்லிகிராமுக்குக் குறைந்திருத்தல் நன்று. 126ஐ எட்டின், மறுமுறை சோதித்து உறுதி செய்தபின் நீரிழிவு என்பர். இவற்றுள் ஒரு வேறுபாடு உண்டு. வெண்குழிய எல்லை, நலமுடையோரை எண்ணி வகுத்த எல்லை. குளுக்கோசுக்குரிய 126 அத்தகையதன்று; அவ்வளவுக்கு மேல் கண் முதலிய உறுப்புக்கள் பழுதுறக் கண்டு வைத்தியர்கள் தீர்மானித்த வரம்பு அது. இரண்டும் படிவத்தில் ஒரே நிரலில் அமைதலால் வேறுபாடு புலப்படுவதில்லை.

இனி ஈமோகுளோபினை நோக்குவோர்க்கு மலைநாட்டின் தனித்தன்மை விளங்கும். நுரையீரலிலிருந்து ஒட்சிசனை உடலெங்கும் சுமந்து செல்லும் செந்நிறப் பொருள் இது. வளர்ந்த ஆண்களுக்கு டெசிலீற்றருக்கு 13 கிராமும், கருவுறாத பெண்களுக்கு 12 கிராமும், கருவுற்றோர்க்கு 11 கிராமும் குறைந்த வரம்பென உலக சுகாதார ஸ்தாபனம் 1968இல் வெளியிட்டது. இவற்றிற் குறைந்தால் குருதிச்சோகை எனப்படும். இவ்வரம்புகள் கடல் மட்டத்தில் வாழ்வோர்க்கு உரியன. அட்டன் நகரமோ ஏறத்தாழ 1,270 மீற்றர் உயரத்திலும், நுவரெலியா ஏறத்தாழ 1,870 மீற்றர் உயரத்திலும் அமைந்துள்ளன. நுவரெலியாவில் வளியமுக்கம் கொழும்பில் உள்ளதன் ஐந்தில் நான்கு பங்கேயாம். ஒவ்வொரு மூச்சிலும் ஒட்சிசன் குறைதலை உணரும் சிறுநீரகம் எரித்திரோபொயற்றின் என்னும் ஓமோனைச் சுரந்து, என்புமச்சையை ஏவிச் செங்குழியங்களைப் பெருக்குகின்றது. உயரத்திற் குருதி செறிவுறுதலைப் பெருநாட்டு மலைகளில் எண்ணிக் கண்டு, 1890இல் உலகிற்கு அறிவித்தவர் பிரெஞ்சு அறிஞர் வியோல் என்பவர்.

ஆகவே, கொழும்பில் 12 கிராம் உடைய ஒருத்தியின் நிலையும் நுவரெலியாவில் 12 கிராம் உடைய ஒருத்தியின் நிலையும் ஒன்றல்ல. இதனைக் கருதியே உயரத்திற்கேற்ப வரம்பை உயர்த்தும் முறை எழுந்தது. முன்னைய விதி 1,000 மீற்றருக்கு மேலேயே திருத்தம் கூறிற்று; அதுவும் சிறிதளவே. உலக சுகாதார ஸ்தாபனம் 2024இல் வெளியிட்ட வழிகாட்டி 500 மீற்றரிலிருந்தே திருத்தம் வேண்டும் என்கின்றது. அதன்படி 1,000 முதல் 1,499 மீற்றர் வரை 0.8 கிராமும், 1,500 முதல் 1,999 மீற்றர் வரை 1.1 கிராமும் கூட்டிக்கொள்ளல் வேண்டும். எனவே, கருவுறாத பெண்ணுக்குரிய வரம்பு அட்டனில் 12.8 ஆகவும், நுவரெலியாவில் 13.1 ஆகவும் உயர்கின்றது.

இத்திருத்தத்தின் பயனை ஓர் எடுத்துக்காட்டாற் காணலாம். அட்டனை அடுத்த தோட்டமொன்றிற் கொழுந்து பறிக்கும் பெண் ஒருத்தி, ஏற்றம் ஏறுகையில் மூச்சு வாங்குவதாகவும், கூடை நிறையுமுன் கை சோர்வதாகவும் கூறி வைத்தியரை நாடுகின்றாள் எனக் கொள்க. அவளது ஈமோகுளோபின் 12.3 கிராம். படிவத்திற் பொறித்த எல்லை 12 முதல் 15 வரை. எண் எல்லைக்குள் அடங்குகின்றது. 'குறையொன்றும் இல்லை' என அவள் திருப்பி அனுப்பப்படலாம். உயரத்தைக் கருதினால் அவள் குருதிச்சோகை உடையவளே. குறித்த நிறைக்குக் கொழுந்து பறியாதவர்க்கு அரைநாட் சம்பளமே எழுதும் வழக்கைத் தோட்ட மக்கள் 'அரைப்பேர்' என்பர். அவளது சோர்வு உண்மையான குறையெனக் கண்டறியப்படாதவிடத்து அது சோம்பல் என்றே எண்ணப்படும்; அரைப்பேரும் தொடரும். அரைக் கிராம் வேறுபாடு படிவத்திற் சிறிதேயாயினும், அவளது வாழ்வில் அது சிறிதன்று.

தோட்டங்களிற் குருதி குறைதற்குரிய காரணங்கள் பல. மாதவிலக்காலும் அடுத்தடுத்த மகப்பேற்றாலும் பெண்கள் இரும்பை இழக்கின்றனர். முற்காலத்தில் இவ்விழப்பைப் பெருக்கியது கொழுக்கிப் புழு. வெறுங்காலுடன் ஈரமண்ணில் நடப்போரின் தோலைத் துளைத்து உட்புகும் இப்புழு, குடலில் தங்கிக் குருதியை உறிஞ்சும். நெக்காற்றர் என்னும் இனத்துப் புழு ஒன்று நாளொன்றுக்கு ஏறத்தாழ 0.03 மில்லிலீற்றர் குருதியை இழக்கச் செய்யும். நூறு புழுக்களால் மூன்று மில்லிலீற்றர் இழப்பு. அதனோடு கழிவது ஏறத்தாழ ஒன்றரை மில்லிகிராம் இரும்பு. அதில் ஒரு பகுதியே குடலில் மீள உறிஞ்சப்படும். உணவிலிருந்து உடல் நாள்தோறும் ஏற்கும் இரும்போ ஒன்றிரண்டு மில்லிகிராம் மட்டுமே. றொக்பெல்லர் நிதியம் 1916இல் இலங்கைத் தோட்டங்களிற் கொழுக்கிப் புழு ஒழிப்பைத் தொடங்கியமை வரலாறு. மலசலகூடம் அமையாத இடங்களில் மருந்துண்டு நலம் பெற்றோரும் மீண்டும் புழுத்தொற்றுக்கு ஆளாயினர். அக்காலத்தே உலகெங்கும் வழங்கிய தால்குவிஸ்ட் முறையில், ஒற்றுத்தாளில் விழுந்த குருதித்துளியின் நிறத்தை அச்சிட்ட நிறவரிசையோடு ஒப்பிட்டு ஈமோகுளோபினை மதிப்பிட்டனர். அதன் பிழை பெரிது. இன்றைய கருவிகள் நுட்பமாக அளக்கின்றன. அளந்த எண்ணை எதனோடு ஒப்பிடுவது என்னும் வினா மட்டும் அன்றுபோல் இன்றும் நிற்கின்றது.

தோட்டத்தார் உற்பத்தி செய்யும் தேயிலைக்கும் இதிற் பங்குண்டு. தேநீரிலுள்ள பொலிபீனோல்கள் கீரை, பருப்பு, ரொட்டி முதலிய தாவர உணவுகளின் இரும்போடு பிணைந்து, குடல் அதனை ஏற்காதவாறு தடுக்கும். உணவுடன் தேநீர் அருந்தாது, ஒரு மணி நேரமேனும் கழித்து அருந்தின் இவ்விடர் பெரிதும் குறையும். நெல்லி, கொய்யா, தேசிக்காய் போன்ற உயிர்ச்சத்து சி மிக்கவற்றை உணவோடு உண்ணின் இரும்பு எளிதில் உடலிற் சேரும்.

உயரத் திருத்தமும் பொதுவிதியே அன்றி முடிந்த முடிபன்று. திபெத்து மக்கள் மிக்க உயரத்தில் வாழ்ந்தும், அந்தீசு மலைவாழ் மக்களைப் போன்று மிகைப்பட்ட ஈமோகுளோபினைப் பெறுவதில்லை. ஆதலின், ஓர் எண்ணை மட்டும் நம்பாது வேறு சான்றுகளையும் தேடுதல் முறையாகும். செங்குழியத்தின் கனவளவு 80க்குக் குறைந்தால் இரும்புக் குறைபாட்டை ஐயுறலாம். இரும்பின் சேமிப்பைக் காட்டும் பெரிற்றின் லீற்றருக்கு 15 மைக்கிரோகிராமுக்குக் குறைந்தால் ஐயம் துணிபாகும். எனினும் காய்ச்சலோ அழற்சியோ உள்ளபோது பெரிற்றின் தானே உயர்ந்து குறைபாட்டை மறைக்கும். சிறிய செங்குழியங்களோடு போதிய பெரிற்றினும் காணப்படின், தலசீமியாக் கூறு உளதாவென ஆராய்தல் வேண்டும்; அத்தகையோர்க்கு இரும்பு மாத்திரை தீர்வாகாது. இரும்புக் குறைபாடு பிற சோதனைகளையும் திரிபடையச் செய்யும். மூன்று மாத காலக் குளுக்கோசு நிலையைக் காட்டும் எச்பிஏ1சி, இரும்பு குறைந்தோரிடத்து உள்ளதினும் கூடுதலாகத் தோன்றலாம். அவ்விடத்து 6.5 வீதம் என்னும் நீரிழிவு வரம்பை அப்படியே கொள்ளாது, குருதிக் குளுக்கோசையும் நேரே சோதித்தல் நன்று.

இவற்றை நோக்குமிடத்து, படிவத்திற் கண்ட எல்லை தீர்ப்பன்று, ஒப்பிடுதற்குரிய அளவுகோல் மட்டுமே என்பது பெறப்படும். சோதிக்கப்படுபவர் ஆணா பெண்ணா, வயது யாது, கருவுற்றவரா, எத்துணை உயரத்தில் வாழ்பவர், அண்மையில் நோயுற்றவரா என்பவற்றை வினவிய பின்னரே எண் பொருள் பெறுகின்றது. பெறுபேற்றைப் பெறுவோர் தம் உடற்குறிகளை வைத்தியரிடம் மறையாது கூறுதலும், பழைய படிவங்களைப் பேணிவைத்துத் தம் முன்னைய அளவோடு ஒப்பிடச் செய்தலும் பெரும் பயன் தரும். நோயுற்றவன் நிலை, நோயின் அளவு, காலம் ஆகிய மூன்றையும் ஆராய்ந்தே வைத்தியன் செயற்படல் வேண்டும் என வள்ளுவர் 'மருந்து' அதிகாரத்தில் வற்புறுத்துவர். மலைநாட்டில் வைத்தியம் செய்வோர் அம்மூன்றனோடு இடத்தையும் சேர்த்து ஆராய்வாராயின், கொழுந்துக் கூடை சுமக்கும் பெண்ணின் சோர்வு சோம்பலெனத் தள்ளப்படாது, தீர்க்கத்தக்க குறையென உரிய காலத்தில் அறியப்படும்.