வேகமும் பாட்டும்

வண்டியும் பாட்டும் இணைபிரியாத் தோழர்கள். உன்னிச்சைக் குளத்து நீர் பாயும் வயல்களிலே நெல் மூடை ஏற்றிய மாட்டு வண்டில்களை நினைத்தால், வழியலுப்புத் தீர வண்டிற்காரர் பாடிய கவிகளும் உடன் நினைவுக்கு வரும். இன்றோ உழவு இயந்திரமும் மோட்டார் சைக்கிளும் வந்துவிட்டன. அவற்றைப் பிரித்துப் பூட்டி, வேகங்கூட்டி மகிழும் வாலிபரைக் கண்டு பெற்றோர் கலங்குகின்றனர். இத்தகைய வாலிபரின் ஆசையும் ஓர் இசையும் கைகோத்த வரலாறு அமெரிக்காவிலே உண்டு. அதை நாம் அறிந்துகொள்வது நன்று.

1932இல் போர்ட் கம்பனியார் எட்டுச் சிலிண்டர் கொண்ட மோட்டார் காரைச் சாமானியரும் வாங்கத்தக்க விலையில் வெளியிட்டனர். அவை பழசானபின் கலிபோர்ணியா வாலிபர் மலிவாக வாங்கி, மட்காட்டையும் கூரையையும் கழற்றிப் பாரங்குறைத்து, இயந்திரத்தைத் தம் கையாலேயே திருத்தி, வறண்ட ஏரிப் படுகைகளில் ஓட்டிப் பார்த்தனர். இவையே 'ஹொட் ரொட்' கார்கள். பொதுத் தெருக்களிலும் பந்தயம் நடந்தது, ஊரார் அஞ்சினர். 1951இல் தேசிய ஹொட் ரொட் சங்கம் தோன்றியது. பந்தயத்தைத் தெருவிலிருந்து தனி ஓடுபாதைக்குக் கொண்டு சென்று, காப்பு விதிகளை வகுத்ததே அதன் பெருந்தொண்டு.

1954இல் மெம்பிஸ் நகரில் எல்விஸ் பிரெஸ்லி இரு துணைவருடன் தம் முதல் வர்த்தக இசைத்தட்டைப் பதிந்தார். கறுப்பின மக்களின் புளூஸ் இசையும் வெள்ளையரின் நாட்டுப்புறப் பாட்டும் அதில் கலந்தன. மேளம் இல்லை, பெரிய பாஸ் வாத்தியத்தின் நரம்புகளை அறைந்தெழுப்பிய ஓசையே தாளமாயிற்று. இதுவே 'ரொக்கபிலி'. பழைய காரைப் போலவே, கையிலிருந்த சொற்பத்தைக் கொண்டு வேகங்காட்டிய கலை இது. அடுத்த ஆண்டிலேயே சக் பெரி 'மேபலின்' என்னும் பாட்டில், போர்ட் கார் ஒன்று கடிலாக் காரைத் துரத்தும் கதையைப் பாடினார். காரும் பாட்டும் ஒன்றுபட்டன.

கால் நூற்றாண்டின் பின், 1979இல், நியூயோர்க் மாநிலத்து மூன்று வாலிபர் 'ஸ்ட்ரே கெட்ஸ்', அதாவது தெருப்பூனைகள், என்ற குழுவை அமைத்தனர். பிரையன் செற்சர் கிதார் வாசித்துப் பாடினார். லீ ரொக்கர் பாஸ் வாசித்தார். ஸ்லிம் ஜிம் பான்டம் நின்றபடியே சிறு மேளத்தொகுதியை முழக்கினார். செற்சருக்கு ஹொட் ரொட் கார்களில் தீராத மோகம். 1980இல் மூவரும் லண்டன் சென்றனர். முதற்புகழ் அங்கேதான் கிட்டிற்று. 1982இல் அமெரிக்காவில் வெளிவந்த அவர்களது இசைத்தட்டின் பெயரே 'வேகத்துக்கென ஆக்கப்பட்டது' என்று பொருள்படும். விற்பனைப் பட்டியலில் அது 2ஆம் இடம் வரை ஏறியது.

நம் நாட்டிலும் இதற்கு உறவான கதை உண்டு. நித்தி கனகரத்தினம், ஏ. ஈ. மனோகரன் முதலியோர் பொப்பிசை பாடியபோது, வீட்டிலும் தெருவிலும் பேசும் தமிழே பாட்டாயிற்று. கலியாண வீடுகளில் அப்பாடல்கள் இன்றும் கேட்கின்றன.

பெற்றோருக்கு நாம் சொல்ல விரும்புவது இதுவே. பொதுவீதியில் காட்டும் வேகம் உயிரைக் குடிக்கும். அதற்கு இடங்கொடுத்தல் ஆகாது. ஆனால் இயந்திரத்தின் மருமம் அறியத் துடிக்கும் கையும், தாளத்துக்கு ஆடும் காலும் குற்றமுடையன அல்ல. பிள்ளையை ஏசுமுன், மோட்டார்த் திருத்தகமொன்றில் அவன் தொழில் பழக வழிசெய்வோம். ஊர் விழாவிலே பாட ஒரு மேடை கொடுப்போம். வெள்ளத்தை அணையிட்டுத் தேக்கி, வாய்க்கால் வெட்டி வயலுக்குத் திருப்பக் கற்றவர் உன்னிச்சை மக்கள். வாலிப வேகத்துக்கு ஒரு வாய்க்கால் வெட்ட அவர்களுக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை.