கேமராவுலயே இருக்கே... அப்ப நிஜம்தானே?

பீரோவுக்குள்ள சார்ஜர் வயரோட சுருண்டு கிடந்த அப்பா காலத்து டிஜிட்டல் கேமராவுக்கு இப்போ செம மவுசு! கல்ச்சுரல்ஸ், ஐ.வி., ஃபேர்வெல்னு எங்கே பார்த்தாலும் ஒரு குட்டி கேமரா கண்ணடிக்குது. அதை வெச்சிருக்கிறவங்க எல்லாரும் ஒருநாள் நிச்சயம் முட்டிக்கிற சுவர் ஒண்ணு இருக்கு.

எடுத்த படத்தை கம்ப்யூட்டர்ல போட்டு, கலர் ஏத்தி, பின்னாடி நிக்கிற டீக்கடை பெஞ்சை வெட்டி எறிஞ்சு, மறுபடியும் மெமரி கார்டுல ஏத்துவீங்க. ஆசையா கேமராவை ஆன் பண்ணினா, படத்துக்குப் பதிலா ஒரு கேள்விக்குறி முறைச்சுப் பார்க்கும். உடனே ஹாஸ்டல் விஞ்ஞானி ஒருத்தர் ஆஜராகி, ''எடிட் பண்ணின படம்னு கேமராவே கண்டுபிடிச்சிடுச்சு மச்சி!'' என்று தீர்ப்பு சொல்வார்.

கேமராவுக்கு அவ்வளவு அறிவெல்லாம் கிடையாது பாஸ்!

கோபம் எதுக்கு?

1998-ல் ஜப்பான் எலெக்ட்ரானிக்ஸ் துறையினர் சேர்ந்து ஒரு விதிமுறை போட்டார்கள். பெயர், டி.சி.எஃப். ஒரு கம்பெனி கேமராவில் எடுத்த படம், இன்னொரு கம்பெனி கேமராவிலும் தெரியணும் என்பதுதான் நோக்கம். கார்டுக்குள்ளே 'டி.சி.ஐ.எம்.' என்று ஒரு ஃபோல்டர். அதற்குள்ளே 100 முதல் 999 வரை ஏதாவது ஒரு எண்ணில் ஆரம்பிக்கும் எட்டெழுத்து ஃபோல்டர். படத்தின் பெயரில் முதலில் நாலு ஆங்கில எழுத்தோ எண்ணோ, அப்புறம் 0001-லிருந்து 9999-க்குள் ஓர் எண். நீங்க பாட்டுக்கு 'ஃபேர்வெல் ஃபைனல் ஃபைனல் 2' என்று பெயர் வெச்சா, கேமரா அதைத் திரும்பிக்கூடப் பார்க்காது.

பெயர் சரியா இருந்தாலும், உள்ளே இருக்கும் ஜேபெக்கும் சரியா இருக்கணும். ஜேபெக்கில் ரெண்டு ரகம். மேலிருந்து கீழாக வரிசையா விரியும் 'பேஸ்லைன்'; முதலில் மங்கலா முழுப்படமும் வந்து, போகப்போகத் தெளிவாகும் 'ப்ரோக்ரஸிவ்'. டி.சி.எஃப். ஒத்துக்கொள்வது பேஸ்லைனை மட்டும்தான். கூடவே தேதி, நேரம், கேமரா மாடல் எல்லாம் எழுதியிருக்கும் 'எக்ஸிஃப்' குறிப்பும், 160-க்கு 120 புள்ளி அளவில் ஒரு குட்டிப் படமும் ஃபைலுக்குள் இருக்கணும். எடிட்டிங் சாஃப்ட்வேர்கள் சில நேரம் இதையெல்லாம் கழற்றி வீசிவிடும். அடையாள அட்டை இல்லாமல் எக்ஸாம் ஹாலுக்குள் போன கதைதான்!

சமாதானம் பண்ணுவது எப்படி?

போட்டோஷாப்பில் சேமிக்கும்போது 'பேஸ்லைன் ஸ்டாண்டர்ட்' என்பதைத் தேர்ந்தெடுங்க. ஒரிஜினல் படத்தின் எக்ஸிஃப் தகவலை 'எக்ஸிஃப்டூல்' என்கிற இலவச சாஃப்ட்வேரால் புதுப்படத்துக்கு மாற்றுங்க. முறையான பெயர் வெச்சு, முறையான ஃபோல்டரில் போடுங்க. நிறைய கேமராக்கள் 'நம்ம வீட்டுப் பிள்ளை' என்று சேர்த்துக்கொள்ளும். பிடிவாதக்காரக் கேமராக்கள் சில, படத்தின் நீள அகலமும் தான் எடுப்பது போலவே இருக்கணும்னு அடம்பிடிக்கும்.

ஒரு எச்சரிக்கை. பெரிய படத்தில் நீங்க வெட்டி எறிந்த ஆள், பழைய குட்டிப் படத்தில் அப்படியே சிரிச்சிட்டு நிற்கலாம். அதனால் குட்டிப் படத்தையும் புதுப்பிச்சிட்டு அனுப்புங்க.

வம்பு இங்கேதான்

மேலே சொன்னதைக் கொஞ்சம் திருப்பி யோசிச்சுப் பாருங்க. எடிட் பண்ணின படத்தைக் கேமரா தன் படமென்றே காட்டும். தேதி, நேரம், மாடல் எல்லாம் பொருந்தும். ஆனா நம்ம ஊரில், ''கேமராவுலயே இருக்கு, நீங்களே பாருங்க சார்!'' என்று யாராவது ஸ்கிரீனை நீட்டினால், அதற்கு மேல் யாரும் கேள்வி கேட்பதில்லை. ஒரு பெண்ணின் படத்தை மார்ஃபிங் செய்தவன் இப்படி நீட்டலாம். பரீட்சை ஹாலில் பிட் அடித்ததாக ஒரு மாணவன் மேல் பழி போடவும் நீட்டலாம். அந்த ரெண்டு அங்குல ஸ்கிரீனை நம்பி ஒருத்தரின் பெயரும் படிப்பும் போய்விடக் கூடாது.

உண்மைப் படத்துக்குப் பூட்டு போட கம்பெனிகளும் முயற்சி செய்தன. கேனான், நிக்கான் இரண்டுமே படம் திருத்தப்படவில்லை என்று சரிபார்க்கும் வசதியை விற்றன. 2010-ல் கேனான் பூட்டையும், 2011-ல் நிக்கான் பூட்டையும் உடைத்துவிட்டதாக ரஷ்யாவின் எல்காம்சாஃப்ட் நிறுவனம் அறிவித்தது. 2023-ல் லைக்கா எம்11-பி, எடுக்கும்போதே டிஜிட்டல் கையெழுத்துப் போடும் கேமராவாக வந்தது. நிக்கானும் 2025-ல் தன் இசட்6-3 மாடலில் அதே வசதியைத் தந்தது. சில வாரங்களிலேயே ஓட்டை வெளிவந்தது. கையெழுத்து இல்லாத ஒரு படத்தைக் கார்டில் வைத்து, ஒன்றன் மேல் ஒன்றாகப் படமெடுக்கும் வசதியில் கொடுத்தால், கேமராவே அதற்குக் கையெழுத்துப் போட்டுத் தந்தது! நிக்கான் அந்த வசதியை நிறுத்திவைத்து, சான்றிதழ்களை ரத்து செய்தது.

அப்ப என்னதான் செய்யறது?

சட்டம் ஸ்கிரீனை மட்டும் பார்த்துத் தலையாட்டுவதில்லை. 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் இருக்கும் பாரதிய சாக்ஷிய அதினியம், 63-வது பிரிவில் மின்னணுச் சாட்சியத்துக்குச் சான்றிதழ் கேட்கிறது. அதில் ஃபைலின் 'ஹாஷ்' மதிப்பையும் எழுதணும். ஹாஷ் என்பது ஃபைலின் கைரேகை மாதிரி. ஒரே ஒரு புள்ளியின் நிறம் மாறினாலும் கைரேகை மொத்தமா மாறிடும்.

உங்க பக்கம் நியாயம் இருந்தா, ஒரிஜினல் ஃபைல்தான் உங்க ஆயுதம். கார்டை ஃபார்மட் பண்ணாதீங்க, எடிட் பண்ணுவதெல்லாம் காப்பியில் மட்டும். யாராவது உங்க படத்தை மார்ஃப் பண்ணி மிரட்டினா, பயந்து அழிக்காம ஆதாரத்தைப் பத்திரப்படுத்தி, 1930 என்கிற சைபர் குற்ற உதவி எண்ணுக்கு அடிங்க.

யாராவது கேமராவை நீட்டி, ''பாரு, இதுல இருக்கு!'' என்றால் பதறாம ஒரு கேள்வி கேளுங்க. ''ஒரிஜினல் ஃபைலை எங்கே வெச்சிருக்கே?'' கேமரா ஸ்கிரீனும் ஒரு குட்டி டி.வி.தான் ஃப்ரெண்ட்ஸ். டி.வி.யில் வர்றதெல்லாம் நிஜம்னு நம்ம பாட்டிகூட நம்புறதில்லையே!