பெட்டியில் கிடந்த டொராண்டோ இரவுகள்

ஜாஸ் இசையில் கிட்டார் மூவர் குழு என்பது கிட்டார், நின்றபடி வாசிக்கும் பெரிய பேஸ், டிரம்ஸ் ஆகிய மூன்றே கருவிகளால் ஆனது. பியானோ உள்ள குழுவில், ‘கார்டு’ எனப்படும் ஒருசேர ஒலிக்கும் சுரத்தொகுதிகளைப் பியானோக்காரர் வாசித்துப் பாட்டுக்கு அடித்தளம் இட்டுவிடுவார். அவர் இல்லாதபோது அந்தப் பொறுப்பும் மெட்டும் மனோதர்மமும் கிட்டார்க்காரர் தலையிலேயே விழுவதால், பலர் அந்த வெற்றிடத்தை வேகத்தாலும் ஓசையாலும் நிரப்ப முற்படுவதுண்டு. நிரப்பாமலே விட்டும் வாசிக்கலாம் என்று காட்டியவர், அமெரிக்காவின் பஃபலோ நகரில் 1930இல் பிறந்த ஜிம் ஹால்.

ஆம்ப்ளிஃபையரின் ஒலியளவை அவர் வெகுவாகக் குறைத்துவைப்பது வழக்கமாதலால், மின்கிட்டாரின் நாதத்தோடு கம்பியில் ‘பிக்’ படும் மெல்லிய உராய்வும் சேர்ந்தே காதில் விழும். பேஸ் தனித்து வாசிக்கும் வேளையில் இரண்டொரு சுரங்களைத் தொட்டுவிட்டு ஒதுங்கிக்கொள்வார். சில நேரம் கையையே எடுத்துவிடுவார். பின்னாளில் புகழ்பெற்ற பாட் மெத்தனியும் பில் ஃப்ரிஸலும் அவரையே முன்னோடியாகக் கொண்டதற்கு, அவர் வாசித்தவற்றோடு இப்படி வாசிக்காமல் விட்டவையும் காரணம் எனலாம்.

1975 ஜூனில், டொராண்டோவின் ‘போர்பன் ஸ்ட்ரீட்’ ஜாஸ் கிளப்பில், கனடாக் கலைஞர்களான டான் தாம்ப்சன் (பேஸ்), டெர்ரி கிளார்க் (டிரம்ஸ்) ஆகியோருடன் அவர் நடத்திய கச்சேரிகளைத் தாம்ப்சனே ஒலிப்பதிவு செய்தார். அவற்றிலிருந்து ஐந்து உருப்படிகளை மட்டும் ஏ அண்ட் எம் நிறுவனம் ‘ஜிம் ஹால் லைவ்!’ என்ற இசைத்தட்டாக அவ்வாண்டே வெளியிட்டது. இரு பக்கமும் சேர்த்து முக்கால் மணி நேரத்துக்குள் அடங்க வேண்டிய இசைத்தட்டில் அதற்குமேல் இடமில்லை. எஞ்சியவை பெட்டிக்குள்ளேயே தங்கின.

அவற்றை வெளிக்கொணர்ந்தது பெருநிறுவனம் அன்று. பிரையன் கமேலியோ தொடங்கி, 2003 முதல் இணையத்தில் இயங்கிவந்த ‘ஆர்ட்டிஸ்ட்ஷேர்’ அமைப்பில், ஆல்பத்துக்கான பணத்தை ரசிகர்கள் முன்கூட்டியே செலுத்துவார்கள். ஒலிப்பதிவின் உரிமையோ கலைஞரிடமே நிற்கும். கூட்டுநிதி என்று இன்று பரவலாக அறியப்படும் முறைக்கு இது முன்னோடி. புகழ்பெற்ற கிக்ஸ்டார்ட்டரே 2009இல்தான் வந்தது. கடைகளில் விற்கப்படாமலே கிராமி விருது பெற்ற முதல் ஆல்பம் என்ற பெருமையும் இவ்வழியில் வந்த மரியா ஷ்னைடரின் ‘கான்சர்ட் இன் தி கார்டன்’ ஆல்பத்துக்கே 2005இல் கிடைத்தது. ஹாலும் தொடக்கத்திலேயே இதில் இணைந்து, ஸ்காட் காலி, லூயிஸ் நாஷ் ஆகியோருடன் வாசித்த ‘மேஜிக் மீட்டிங்’ என்ற மூவர் ஆல்பத்தை 2004இல் வெளியிட்டிருந்தார்.

டொராண்டோ கச்சேரிகளின் எஞ்சிய பகுதிகள் 2012இல் இரண்டு முதல் நான்கு வரையிலான தொகுதிகளாக வந்தபோது ஒலிப்பதிவுக்கு வயது 37. ஹாலுக்கு எண்பதைத் தாண்டியிருந்தது. புதிதாகக் கேட்பவர் பழைய இசைத்தட்டின் ‘ஏஞ்சல் ஐஸ்’ உருப்படியில் தொடங்கி, மூவரின் போக்கு பிடிபட்ட பிறகு இத்தொகுதிகளுக்கு வருவது நல்லது. முதல் முறை கிட்டாரையும் அடுத்த முறை பேஸை மட்டுமேயும் பின்தொடர்ந்தால், யார் யாருக்கு வழிவிடுகிறார் என்பது தெளிவாகவே கேட்கும்.