முதல் மின் கிட்டார்: பாகத் தொகுப்பைத் தேர்ந்தெடுத்தல்

மின் கிட்டார் பாகத் தொகுப்பு என்பது உடற்பலகை, கழுத்து, பிக்கப், பிரிட்ஜ், முறுக்காணிகள், கம்பிகள் முதலியவற்றைத் தனித்தனி உறுப்புகளாகக் கொண்ட பெட்டி. பேச்சு வழக்கில் இது கிட்டார் கிட் எனப்படுகிறது. மரம் அறுத்தல், மெட்டுகளைப் பதித்தல் போன்ற நுண்ணிய வேலைகள் ஆலையிலேயே முடிந்துவிடும். உப்புத்தாளால் தேய்த்தல், வண்ணம் பூசுதல், உறுப்புகளைப் பூட்டுதல், ஈயம் பற்றவைத்தல், சுருதி சேர்த்தல் ஆகியவை வாங்குபவரின் வேலை.

பிக்கப், முறுக்காணி, கம்பி ஆகியவற்றைப் பின்னர் எளிதாக மாற்றலாம். ஆனால் கழுத்தின் நேர்த்தி, மெட்டுகளின் இடைவெளி, கழுத்தும் உடலும் சேரும் கோணம் ஆகியவற்றில் பிழை இருந்தால் புதியவரால் திருத்த இயலாது. ஆகவே முதல் தொகுப்பைத் தேர்ந்தெடுக்கும்போது பளபளப்பைவிட இவற்றையே முதன்மையாகப் பார்க்க வேண்டும்.

ஒலி பிறக்கும் முறை

குமரி மாவட்டக் கோயில் கொடைகளில் பாடப்படும் வில்லுப்பாட்டில், வில்லைத் தாங்கும் மண்குடம் நாணின் அதிர்வுக்கு முழக்கம் தருகிறது. வீணையில் பலாமரக் குடம் அந்தப் பணியைச் செய்கிறது. திண்ம உடல் கொண்ட மின் கிட்டாரில் இத்தகைய ஒலிப்பெட்டி இல்லை. காந்தத்தைச் சுற்றி மெல்லிய செப்புக்கம்பி பல ஆயிரம் சுற்றுகள் சுற்றப்பட்ட பிக்கப், எஃகுக் கம்பியின் அதிர்வை மின் சமிக்ஞையாக மாற்றுகிறது. ஆம்ப்ளிஃபயர் அதைப் பெருக்கி ஒலியாக்குகிறது.

எனவே முதல் கிட்டாருக்கு விலையுயர்ந்த மரம் தேவையில்லை. பாஸ்வுட், மகோகனி, ஆல்டர் போன்ற எந்த மரமும் போதும். பாஸ்வுட் மென்மையானது. திருகாணியை நேரடியாக முறுக்கினால் துளை தளர்ந்துவிடும். முதலில் சிறு துளையிட்டு, ஆணியில் சற்று மெழுகோ சோப்போ தடவி முறுக்குவது நல்லது.

கழுத்து இணைப்பு

கழுத்தும் உடலும் திருகாணியால் இணைக்கப்படலாம் அல்லது பசையால் ஒட்டப்படலாம். ரேடியோ பழுதுபார்ப்பவராகத் தொழில் தொடங்கிய லியோ ஃபென்டர் முதல் வகையைப் பரவலாக்கினார். 1950-இல் வெளிவந்து, 1951-இல் டெலிகாஸ்டர் என்ற பெயர் பெற்ற அவரது கிட்டாரில், கழுத்து 4 திருகாணிகளால் பூட்டப்பட்டது. உறுப்புகளைத் தனித்தனியே செய்து விரைவாகப் பூட்டவும், பழுதானால் கழுத்தை மட்டும் மாற்றவும் இது உதவியது. 1954-இல் வந்த ஸ்ட்ராடோகாஸ்டரும் இம்முறையையே பின்பற்றியது. 1952-இல் கிப்சன் நிறுவனம் வெளியிட்ட லெஸ் பால் கிட்டாரில் கழுத்து பசையால் ஒட்டப்படுகிறது.

தஞ்சாவூர் வீணையிலும் இதையொத்த பிரிவு உண்டு. ஒரே மரத்தில் குடைந்தது ஏகாந்த வீணை. பகுதிகளை இணைத்துச் செய்வது ஒட்டு வீணை.

புதியவருக்குத் திருகாணிக் கழுத்து ஏற்றது. கோணம் சிறிது பிசகினால் கழற்றி, குழியில் மெல்லிய மரச்சீவலை வைத்துச் சரிசெய்யலாம். லெஸ் பால் வகையில் கழுத்து பின்னோக்கிச் சாய்ந்திருக்க வேண்டும். பசை உலர்ந்தபின் கோணம் தவறு எனத் தெரிந்தால், மரத்தைச் சேதப்படுத்தாமல் பிரிப்பது கடினம்.

மெட்டுகளும் கம்பி நீளமும்

வீணையின் 24 மெட்டுகள் மெழுகின்மேல் பதிக்கப்படுகின்றன. சுருதி விலகினால் மெழுகை இளக்கி மீண்டும் மேளம் கட்டலாம். கிட்டாரின் மெட்டுகளோ மரத்தில் அறுத்த பள்ளங்களில் நிரந்தரமாக இறுக்கப்பட்டவை. பள்ளம் இடம் தவறினால் அந்தக் கழுத்தில் சுருதி ஒருபோதும் சேராது.

தலைப்பக்கத்து நட் முதல் பிரிட்ஜ் வரையுள்ள கம்பி நீளம், ஃபென்டர் வகையில் பெரும்பாலும் 648 மி.மீ.; கிப்சன் வகையில் ஏறத்தாழ 628 மி.மீ. ஒவ்வொரு மெட்டின் இடத்தையும் காண, மீதமுள்ள நீளத்தை 17.817 ஆல் வகுக்க வேண்டும். 648 மி.மீ. நீளத்துக்கு முதல் மெட்டு நட்டிலிருந்து ஏறத்தாழ 36.4 மி.மீ. தொலைவில் அமையும். 12-ஆவது மெட்டு சரிபாதியில், 324 மி.மீ. தொலைவில் வரும். பிரிட்ஜில் கம்பி அமரும் இடம், 12-ஆவது மெட்டிலிருந்து அதே தொலைவிலோ சில மி.மீ. கூடுதலாகவோ இருக்க வேண்டும். ஓர் அளவுகோலால் இதைச் சோதித்துவிடலாம்.

ஆறு கம்பிகளும் சேர்ந்து கழுத்தைச் சுமார் 40 கிலோ எடைக்கு ஈடான விசையுடன் இழுக்கின்றன. இதைத் தாங்கி, வளைவைச் சீராக்கக் கழுத்தினுள் டிரஸ் ராட் எனும் எஃகுத் தண்டு இருக்கும். இது இல்லாத தொகுப்பை வாங்கக் கூடாது.

பிரிட்ஜும் மின்னிணைப்பும்

முதல் கிட்டாருக்கு உடலில் நிலையாகப் பூட்டப்படும் பிரிட்ஜே எளிது. சுருள்வில் கொண்டு அசையும் பிரிட்ஜில் ஒரு கம்பியை இறுக்கினால் மற்றவற்றின் சுருதியும் மாறும். ஃபிளாய்டு ரோஸ் போன்ற பூட்டு அமைப்புகள் புதியவரைத் திணறடிக்கும்.

ஒற்றைச் சுருள் பிக்கப் தெளிவான ஒலி தரும். ஆனால் 50 ஹெர்ட்ஸ் மின்சாரத்தின் இரைச்சலையும் வாங்கிக்கொள்ளும். கிப்சன் நிறுவனத்தில் சேத் லவர் 1955-இல் உருவாக்கிய ஹம்பக்கர், எதிரெதிராக இணைத்த இரு சுருள்களால் இந்த இரைச்சலை நீக்குகிறது. வழக்கமாக முன்னதற்கு 250 கிலோ ஓம், பின்னதற்கு 500 கிலோ ஓம் ஒலிக் கட்டுப்பாடுகள் பயன்படும். பற்றவைத்துப் பழகாதவர்கள் செருகினாலே சேரும் இணைப்பிகள் கொண்ட தொகுப்பை நாடலாம்.

பிரிட்ஜிலிருந்து வரும் நில இணைப்புக் கம்பியைப் புதியவர்கள் பெரும்பாலும் மறந்துவிடுகின்றனர். அது விடுபட்டால் இரைச்சல் கூடும். அது பொருந்தியபின் கிட்டாரின் கம்பிகள் ஆம்ப்ளிஃபயரின் உலோகக் கூட்டுடன் மின்தொடர்பு பெறுகின்றன. எனவே வீட்டில் எர்த் இணைப்பு சரியில்லாமல் ஆம்ப்ளிஃபயரும் பழுதுபட்டால், 230 வோல்ட் மின்சாரம் வாசிப்பவரின் கையைத் தாக்கக்கூடும். 3 முனை பிளக்கின் எர்த் முனையை நீக்கி வாசிப்பது உயிருக்கு ஆபத்து.

கடற்கரை ஊர்களில் கவனிக்க வேண்டியவை

குளச்சலுக்கு அருகிலுள்ள மண்டைக்காடு போன்ற ஊர்களில் உப்புக்காற்றும் ஈரப்பதமும் மிகுதி. குமரி மாவட்டம் தென்மேற்கு, வடகிழக்கு ஆகிய இரு பருவமழைகளையும் பெறுகிறது. ஈரத்தில் மரம் உப்பும், வறட்சியில் சுருங்கும். மழைநாளில் பூசிய அரக்கு மெருகும் லாக்கரும் வெண்மைபூத்து மங்கக்கூடும். ஜனவரி முதல் மார்ச் வரையிலான வறண்ட நாட்கள் பூச்சு வேலைக்கு உகந்தவை. வெளிப்பக்கம் மட்டுமன்றி, கழுத்துக் குழியிலும் ஆணித் துளைகளிலும் மெல்லிய பூச்சு இருந்தால் ஈரம் உட்புகுவது குறையும். குழியில் தடிப்பாகப் பூசினால் கழுத்து உள்ளே அமராது.

முலாம் பூசிய மலிவான எஃகு ஆணிகள் உப்புக்காற்றில் விரைவில் துருப்பிடிக்கும். அவற்றுக்குப் பதிலாகத் துருப்பிடிக்காத எஃகு ஆணிகளைப் பயன்படுத்தலாம். வாசித்தபின் கம்பிகளை உலர்ந்த துணியால் துடைத்து, கிட்டாரை உறைக்குள் வைப்பது நல்லது.

பெட்டி வந்த பிறகு

இணையவழியில் வாங்குபவர்கள் திருப்பி அனுப்பும் காலக்கெடுவை முன்பே அறிந்துகொள்ள வேண்டும். வண்ணம் பூசிய அல்லது துளையிட்ட தொகுப்பைப் பொதுவாக எவரும் திரும்பப் பெறமாட்டார்கள். ஆகவே பின்வரும் சோதனைகளை முதலில் செய்ய வேண்டும்.

1. கழுத்தை ஒரு முனையிலிருந்து ஒரு கண்ணால் நோக்கி, முறுக்கல் இல்லை என உறுதிசெய்தல்.
2. கழுத்தைக் குழியில் வைத்து, ஆட்டமின்றி அமர்கிறதா எனப் பார்த்தல்.
3. நட்டிலிருந்து 12-ஆவது மெட்டுக்கும், அங்கிருந்து பிரிட்ஜுக்கும் உள்ள தொலைவை அளத்தல்.
4. முதல், ஆறாம் கம்பிகளின் இடத்தில் நூல் பிடித்து, இரண்டும் கழுத்தின் இரு ஓரங்களிலிருந்தும் சம தொலைவில் செல்கின்றனவா எனக் காணுதல்.
5. டிரஸ் ராட்டின் ஆணி எளிதாகத் திரும்புகிறதா எனக் கால் சுற்று மட்டும் திருப்பிப் பார்த்து, பழைய நிலைக்குக் கொண்டுவருதல்.

இவை சரியாக இருந்தால் கிட்டாரை ஒருமுறை பூச்சின்றி ஒத்திகையாகப் பூட்டிப் பார்க்கலாம். பிறகு கழற்றி வண்ணம் பூசி, முழுமையாக உலர்ந்தபின் மீண்டும் பூட்ட வேண்டும். புதிய கம்பிகளின் இழுவிசைக்குக் கழுத்து பழகச் சில நாட்களாகும் என்பதால், கம்பி உயரத்தையும் சுருதியையும் அதன் பின்னரே இறுதி செய்வது வழக்கம்.