பிறந்த வீட்டுப் பணம் யாருடையது?



எண்ணிக்கை நூலின் 27ஆம் அதிகாரத்தில் ஐந்து சகோதரிகளைச் சந்திக்கிறோம். செலொபுகாதின் புதல்வியரான அவர்கள் மோசேயின் முன் நின்று, ஆண்பிள்ளை இல்லாமல் இறந்த தங்கள் தந்தையின் உரிமைச்சொத்தைக் கேட்டார்கள். அவர்கள் கேட்டது முறையே என்று ஆண்டவர் தீர்ப்பளித்தார். ஆனால் 36ஆம் அதிகாரத்தில் அவர்களது குலத்தாருக்கு ஓர் அச்சம் எழுகிறது: இவர்கள் வேறு குலத்தில் மணம் முடித்தால், சொத்தும் கணவர் குலத்துக்குப் போய்விடுமே!

இதே கேள்வி இன்று நம் வீடுகளிலும் எழுகிறது. பெற்றோரிடமிருந்து மகளுக்கு வந்த பணம், அவள் மணமானபின் யாருடையது?

1925ஆம் ஆண்டின் இந்திய வாரிசுரிமைச் சட்டம், 20ஆம் பிரிவில் இதற்கு விடை தருகிறது. கிறிஸ்தவர் இருவர் மணம் செய்வதால், ஒருவரது சொத்தில் மற்றவருக்கு எந்த உரிமையும் உண்டாவதில்லை. மனைவிக்கு வந்தது மனைவியுடையது. கணவனுக்கு வந்தது கணவனுடையது. கோவா போன்ற சில பகுதிகளில் மட்டும் சட்டம் வேறு. மணமுறிவு வழக்கு நீதிமன்றத்துக்குச் சென்றாலும், அந்தப் பணம் பாகம் பிரிக்கும் பொதுச்சொத்து ஆகாது. ஜீவனாம்சத்தை முடிவுசெய்யும்போது மட்டும், மனைவிக்குச் சொந்தமாக உள்ள வசதியையும் நீதிமன்றம் கணக்கில் எடுக்கும்.

பணம் கலந்துவிடும்போதுதான் சிக்கல் தொடங்குகிறது. தந்தையின் நிலத்தை விற்றதில் ஒரு பெண்ணுக்குப் பங்கு வருகிறது என்று வைத்துக்கொள்வோம். அதைக் கணவன் மனைவி கூட்டுக் கணக்கில் போடுகிறார்கள். மகனின் கல்லூரிக் கட்டணம், பழைய கடன், வீடு கட்டும் செலவு எல்லாம் அதிலிருந்தே போகின்றன. மனையோ கணவர் பெயரில் இருக்கிறது. பத்து ஆண்டுகள் கழித்து அவர்கள் பிரிய நேர்ந்தால், அந்த வீட்டில் தன் தந்தையின் பணம் எவ்வளவு என்று அவளால் எப்படிக் காட்ட முடியும்? பத்திரம் கணவர் பெயரை மட்டுமே சொல்லும்.

எனவே, சிலவற்றை முன்கூட்டியே செய்வோம். மரபுரிமையாக வந்த பணத்தை அவரவர் பெயரிலேயே தனிக்கணக்கில் வைப்போம். உயில், பாகப்பத்திரம், வங்கி ரசீது ஆகியவற்றின் நகல்களைப் பாதுகாப்போம். அந்தப் பணத்தில் மனையோ வீடோ வாங்கினால், கொடுத்தவர் பெயரும் பத்திரத்தில் இருக்கட்டும். கணவரின் தொழிலுக்குக் கொடுத்தால், அது கடனா கொடையா என்று எழுதிக்கொள்வோம். மனைவி உயில் எழுதாமல் இறந்தால், பிள்ளைகள் இருக்கும்போது மூன்றில் ஒரு பங்கு கணவருக்கும் மீதி பிள்ளைகளுக்கும் சேரும். வேறு விருப்பம் உள்ளவர்கள் உயில் எழுதிவைக்க வேண்டும்.

"நாம் ஒன்றான பிறகு உனது எனது என்று ஏன் பிரிக்க வேண்டும்?" என்று சிலர் கேட்கலாம். தனியாக வைப்பது வேறு, மறைத்து வைப்பது வேறு. மறைத்தால் நம்பிக்கை உடையும். எவ்வளவு வந்தது, எங்கே இருக்கிறது என்று துணைவர் அறிந்திருந்தால், தனிக்கணக்கு யாரையும் புண்படுத்தாது. குடும்பத்தின் தேவைக்கு மனைவி மனமுவந்து கொடுப்பது கொடை. மிரட்டியோ ஓயாமல் நச்சரித்தோ வாங்கினால், வரதட்சணைக்கும் அதற்கும் என்ன வேறுபாடு?

அந்த ஐந்து சகோதரிகளும் தங்கள் உரிமையை மக்கள் அனைவர் முன்னும் வெளிப்படையாகக் கேட்டார்கள். நம் பெண்பிள்ளைகளும் அப்படிக் கேட்க, நம் வீடுகளில் இடம் இருக்கட்டும்.